லூசியானாவில் நித்தியகல்யாணி வளர்க்கலாமா? சட்டத்தைப் படிப்பது எப்படி

அமெரிக்காவின் லூசியானா மாநிலத்தில் வாசலில் நித்தியகல்யாணி பூத்துக் குலுங்கினால் யாரும் கேட்க மாட்டார்கள். அதே இலையைக் காயவைத்து, தின்பதற்கென்று பொட்டலம் கட்டினால் சிறை வரைக்கும் போகலாம். 2005இல் அந்த மாநிலம் போட்ட சட்டம் எண் 159, மயக்கக் காட்சி தரும் செடிகள் என்று சுமார் 40 பெயர்களைப் பட்டியல் போட்டிருக்கிறது. ஊமத்தை இருக்கும் என்று நீங்களே ஊகித்திருப்பீர்கள். ஆனால் கச்சோலமும் கல்யாண முருங்கையின் பேரினமும்கூட (நெருங்கிய உறவுள்ள செடியினங்களின் தொகுதி) உள்ளே இருக்கின்றன!

அதனால் செய்தியை நம்பாமல் சட்டத்தையே எடுங்கள். மாநிலச் சட்டத் தொகுப்பில் தலைப்பு 40, பிரிவு 989.1 என்று தேடினால் கிடைக்கும். செடியைத் தாவரவியல் பெயரில் தேடுங்கள், பழைய பெயரையும் விடாதீர்கள். நித்தியகல்யாணிக்கு இன்றைய பெயர் கேதராந்தஸ் ரோசியஸ், பட்டியலிலோ வின்கா ரோசியா என்று இருக்கிறது. புதுப் பெயரை மட்டும் தேடிவிட்டு 'அப்பாடா, இல்லை' என்று எழுந்துவிட்டால் ஏமாந்தீர்கள். ஒரு பேரினத்தையே மொத்தமாகச் சேர்த்திருக்கிறார்களா என்றும் பாருங்கள், ஊமத்தையை அப்படித்தான் சேர்த்திருக்கிறார்கள்.

அப்புறம், எந்தச் செயலுக்குத் தடை என்று பாருங்கள். வளர்ப்பதா, வைத்திருப்பதா, விற்பதா? லூசியானாவில் எல்லாமே 'மனிதர் உட்கொள்வதற்காக' என்ற நோக்கத்தில்தான் தொங்குகிறது. அழகுக்காக மட்டும் வளர்ப்பதற்கு விலக்கு உண்டு, அந்த 'மட்டும்' என்ற சொல்லை இரண்டு தடவை படியுங்கள்.

மற்ற மாநிலங்களுக்கும் இதுவே பொருந்தும் என்று எண்ண வேண்டாம். சால்வியா டிவினோரம் என்ற மயக்கக் காட்சி தரும் செடி விஷயத்தில் டென்னசி 2006இல் அதன் வேதிப்பொருளைக் குறிவைத்தது, கலிபோர்னியா 2009 முதல் 18 வயதுக்குக் கீழே உள்ளவர்களுக்கு விற்பதைத்தான் தடுத்தது.

மாநிலம் சரி என்றாலும் நாடு முழுவதற்குமான கூட்டாட்சிச் சட்டம் தனி. பெயோட்டி கள்ளி அங்கே முதல் அட்டவணையில், அதாவது மிகக் கடுமையாகக் கட்டுப்படுத்தப்பட்ட போதைப்பொருட்களின் பட்டியலில், இருக்கிறது. பூர்வகுடியினரின் பாரம்பரிய வழிபாட்டுக்கு 1994இல் கொடுத்த பாதுகாப்பு, தொட்டியில் அழகுக்கு வைக்க ஆசைப்படுகிறவருக்கு உதவாது.

ஊமத்தைக்கு மட்டும் சட்டம் என்ன சொன்னாலும் சரி, குழந்தைகள் கைக்கு எட்டாத இடத்தில் வையுங்கள். அந்த முள்காய்க்குள் இருக்கும் விதையில் அட்ரோபின், ஸ்கோபோலமின் என்ற நச்சுப்பொருட்கள் இரண்டும் உண்டு, கொஞ்சம் உள்ளே போனாலே ஆஸ்பத்திரிக்கு ஓட வேண்டியதுதான்.