முதுகலைக்கு விண்ணப்பிக்கும் முன் ஒரு ஃபார்ட்டி சிக்ஸ்டி கணக்கு

ரியல் எஸ்டேட் மேம்பாடு, முதலீடு பற்றி முதுகலை படிக்கலாமா என்று பெங்களூரில் யாராவது கேட்டால், காலேஜ் பெயரைச் சொல்லமாட்டேன். ஒரு காலி சைட்டைப் பார்த்துவிட்டு வரச் சொல்வேன். நான் அப்படிச் செய்யாமல் சேர்ந்தவன். முதல் செமஸ்டர் முழுக்க முழி பிதுங்கியது.

படி 1: ராமமூர்த்தி நகர் பக்கம் ஒரு 'ஃபார்ட்டி சிக்ஸ்டி'யைப் பிடியுங்கள். 40க்கு 60, அதாவது 2400 சதுர அடி. நம்ம சென்னைக் கணக்கில் சரியாக ஒரு கிரவுண்டு! ஏ காத்தாவா, பி காத்தாவா (மாநகராட்சிச் சொத்துப் பதிவேட்டில் முறையான ஒப்புதல் உள்ள இடமா, இல்லாத இடமா) என்றும் விசாரியுங்கள். பி என்றால் பல வங்கிகள் கடன் தரத் தயங்கும்.

படி 2: எவ்வளவு கட்டலாம்? முன்னால் இருக்கும் ரோட்டின் அகலத்தைப் பொறுத்து எஃப்.ஏ.ஆர். (மனைப் பரப்பைப் போல எத்தனை மடங்கு கட்டலாம் என்ற அளவு) மாறும். 1.75 என்று வைத்துக்கொள்வோம்: 4200 சதுர அடி.

படி 3: எவ்வளவுக்கு விற்கும்? இங்கேதான் பலரும் சறுக்குகிறார்கள். புரோக்கர் சொல்வது பெரும்பாலும் சூப்பர் பில்டப் விலை, அதாவது சுவர், படிக்கட்டு, பொது இடங்களின் பங்கையும் சேர்த்த பரப்புக்கு. ரியல் எஸ்டேட் ஒழுங்குமுறைக்கான 2016 ரெரா சட்டம் பேசுவது கார்பெட் ஏரியா, அதாவது வீட்டுக்குள் நாம் புழங்கும் தளப் பரப்பு. இரண்டையும் கலந்தால் கணக்கு நாறிவிடும். எளிமைக்காக 4200 சதுர அடியும் 9000 ரூபாய்க்குப் போவதாக எடுப்போம். வரவு 3.78 கோடி.

படி 4: இனி பின்னோக்கிக் கழியுங்கள். எண்கள் எல்லாம் உதாரணத்துக்குத்தான்.

கட்டுமானம், சதுர அடிக்கு 2500: 1.05 கோடி
பிளான், ஆர்க்கிடெக்ட், விற்பனைச் செலவு: 18 லட்சம்
கட்டுமானக் கடன் வட்டி: 15 லட்சம்
லாபம், வரவில் 20 சதவீதம்: 75.6 லட்சம்

மிச்சம் 1.64 கோடி. ஆனால் அது இரண்டு வருடம் கழித்து வரும் பணம். ஆண்டுக்கு 12 சதவீதக் கூட்டு வட்டியைப் பின்னோக்கிக் கழித்தால் இன்றைய மதிப்பு சுமார் 1.31 கோடி. மனைக்கு அதிகபட்சம் அவ்வளவுதான் தரலாம். ஓனர் இரண்டு கோடி கேட்டால் டீ குடித்துவிட்டுக் கிளம்ப வேண்டியதுதான்.

படி 5: விற்பனை விலையை 10 சதவீதம் மட்டும் குறைத்து மறுபடி போடுங்கள். மனைக்குத் தரக்கூடிய விலை 18 சதவீதத்துக்கு மேல் விழும். கட்டுமானச் செலவு குறையாது, வட்டியும் குறையாது. லாபம் கொஞ்சம் குறையும், அடியின் பெரும்பகுதி மனை மேல்தான். இதைப் பார்த்து 'அட!' என்று தோன்றினால் படிப்பு உங்களுக்கு ஒத்துவரும்.

அப்புறம்தான் காலேஜ். வெளிநாடு என்றால் லண்டனில் 1868-இல் தொடங்கிய, நிலம், கட்டடத் துறைக்கான ஆர்.ஐ.சி.எஸ். என்ற தொழில்முறை அமைப்பின் அங்கீகாரம் இருக்கிறதா என்று பாருங்கள். கட்டுவதைவிட வாடகை வருமானம்தான் ஈர்க்கிறது என்றால், 2019-இல் பங்குச் சந்தையில் பட்டியலான எம்பசி ரீட்டின் (ரீட் என்றால் வாடகைக் கட்டடங்களில் பலரும் சேர்ந்து முதலீடு செய்யும் அறக்கட்டளை) ஆண்டறிக்கையைப் புரட்டுங்கள். இந்தியாவின் முதல் ரீட், நம்ம பெங்களூர்க் கம்பெனி.

விண்ணப்பத்தில் 'ஏன் இந்தப் படிப்பு?' என்ற கேள்விக்கு, 'சிறு வயதிலிருந்தே கட்டடங்கள் பிடிக்கும்' என்று ஆரம்பிக்காதீர்கள். ஓனர் கேட்ட விலைக்கும் நீங்கள் போட்ட விலைக்கும் ஏன் அவ்வளவு இடைவெளி என்று எழுதுங்கள்.