பூட்டான் வரலாற்றில் பெயர்க் குழப்பத்தைத் தாண்டுவது எப்படி?

பூட்டான் வரலாற்றைக் கையில் எடுப்பவர்கள் பாதியில் மூடிவைப்பது பெரும்பாலும் பெயர்களால்தான். அதனால் புதுப் பெயர் ஒன்று வந்ததும், இது நாடா, பதவியா, ஆளா என்று பார்த்துவிட்டு மேலே போங்கள். (தேடும்போது எழுத்தையும் பாருங்கள், ஒரு கால் விட்டுப்போனால் பூட்டன் ஆகி, கொள்ளுத்தாத்தாவைத் தேடிக்கொண்டிருப்பீர்கள்.)

நாட்டின் பெயர் எளிது. பூட்டான் என்பது வெளியார் சொல்வது, உள்ளூரில் துருக் யுல், இடி முழங்கும் டிராகனின் நாடு. அங்கே வேரூன்றிய பௌத்தப் பிரிவான துருக்பாவிலிருந்து வந்த பெயர். லோ மோன், லோ ஜோங் என்று பழைய பெயர்கள் வந்தாலும் இதே நாடுதான். லோ என்றால் தெற்கு, திபெத்தில் நின்று பார்த்தால்.

பதவிகளில்தான் தலை சுற்றும். 1616-ல் திபெத்தின் ராலுங் மடத்திலிருந்து வந்து இந்தப் பள்ளத்தாக்குகளை ஒரே நாடாக்கியவர் நவாங் நம்கியால். ஷப்துருங் என்பது அவருடைய பட்டம், அவருக்குப் பின் அவதாரங்கள் என்று ஏற்கப்பட்டவர்களுக்கும் அதே பட்டம். 1651-ல் அவர் இறந்ததை, தியானத்தில் இருக்கிறார் என்றே சொல்லிச் சுமார் 50 ஆண்டுகள் மறைத்துவிட்டார்கள், அதனால் அந்தக் காலத்து ஆண்டுகள் இடித்தால் உங்கள் கணக்கைச் சந்தேகப்பட வேண்டாம். அவர் வகுத்த முறையில் மடத்துக்குத் தலைவர் ஜே கென்போ, நிர்வாகத்துக்கு தேசி. இந்த தேசியைத்தான் ஆங்கிலேயர் தேப் ராஜா என்று எழுதினார்கள், ஷப்துருங்கை தர்ம ராஜா என்றார்கள். அப்படியானால் இரண்டு ராஜாக்களா என்றால், இல்லை, அப்போது அங்கே ராஜாவே கிடையாது.

இவர்களுக்குக் கீழே வட்டார ஆளுநர்கள், பென்லோப். பாரோ பென்லோப்பும் துரோங்சா பென்லோப்பும் மோதிக்கொண்டே இருந்த கதை நீளமானது, முடிவை மட்டும் வைத்துக்கொள்ளுங்கள்: துரோங்சா பென்லோப் உக்யென் வாங்சுக் 1907 டிசம்பர் 17 அன்று புனாக்காவில் முதல் மன்னரானார். அதிலிருந்து மன்னரின் பட்டம் துருக் கியால்போ.

அப்புறம் ஆட்கள். குடும்பப் பெயர் வைக்கும் வழக்கம் பொதுவாக அங்கே இல்லை, பெரும்பாலும் லாமா வைப்பதுதான் பெயர்; இரண்டு டோர்ஜிகளைப் பார்த்தவுடன் அண்ணன் தம்பி என்று முடிவுகட்டாதீர்கள். வாங்சுக் அரச குடும்பத்துக்கு விதிவிலக்கு. ஐந்து மன்னர்களில் நான்கு பேர் ஜிக்மே என்பதால் அரியணை ஏறிய ஆண்டைப் பிடித்துக்கொள்வதே வசதி: ஜிக்மே வாங்சுக் 1926, ஜிக்மே டோர்ஜி 1952, ஜிக்மே சிங்யே 1972, ஜிக்மே கேசர் நம்கியெல் 2006. வெறும் ஜிக்மே நம்கியால் என்று வந்தால் மட்டும் நிதானியுங்கள், அவர் மன்னரே அல்ல, உக்யெனின் அப்பா.