சிறிய தோட்டத்தில் கோழிக்கூடு: தேர்வு செய்யும்போது தவிர்க்க வேண்டிய தவறுகள்

தோட்டத்தின் ஒரு மூலையில் மூன்று நான்கு கோழிகளை ஆசைக்கு வளர்க்க நினைப்பவர்கள், கோழிகளைத் தேடிப் பிடிப்பதில் காட்டும் அக்கறையில் பாதியைக்கூடப் பெரும்பாலும் அவற்றின் கூட்டில் காட்டுவதில்லை. கூட்டை நாம் பார்ப்பது பகல் வெளிச்சத்தில், வெளியே நின்றுகொண்டு. சாயமும் சரிவான கூரையும் சிறிய சன்னலும் கண்ணுக்குப் பிடித்துவிட்டால் முடிவு செய்துவிடுகிறோம். கோழியோ பகல் முழுவதும் வெளியே மண்ணைக் கிளறிக்கொண்டிருக்கும். முட்டையிட வரும் நேரம் போக, அது கூட்டுக்குள் இருப்பது இரவில்தான். இருட்டில் கோழிக்குக் கண் சரியாகத் தெரியாது. பொழுது சாய்ந்து கட்டையில் ஏறி அமர்ந்துவிட்டால் விடியும்வரை அது அநேகமாக அசைவதில்லை. உள்ளே காற்று கெட்டாலும் இடம் மாறாது, ஒரு விலங்கு நுழைந்தாலும் தப்பி ஓட வழி தெரியாமல் திகைக்கும். எனவே கூட்டின் ஒவ்வொரு பகுதியையும் இரவை மனத்தில் வைத்துப் பார்க்க வேண்டும் என்பதே என் உறுதியான கருத்து. கீழே சொல்லப்படும் தவறுகளில் பெரும்பாலானவை, அப்படிப் பார்க்கத் தவறுவதால் நேர்பவை.

முதல் தவறு, "ஆறு கோழிகளுக்கு ஏற்றது" என்று கூட்டின் மேல் எழுதியிருப்பதை அப்படியே நம்புவது. அந்த எண்ணிக்கையில் முட்டையிடும் பெட்டியின் பரப்பும், சில நேரங்களில் கூட்டுக்கு அடியில் உள்ள திறந்த இடமும்கூடச் சேர்த்துக் கணக்கிடப்பட்டிருக்கும். அளவு நாடாவை எடுத்து, கோழி நடமாடக்கூடிய உள்தரையை மட்டும் அளந்து பாருங்கள். நடுத்தர உடல்வாகு கொண்ட கோழி ஒன்றுக்கு உள்ளே 4 சதுர அடியும், வெளியே வலையடைத்த முற்றத்தில் 10 சதுர அடியும் என்பது பரவலாகப் பின்பற்றப்படும் கணக்கு. நான்கு கோழிகள் என்றால் உள்ளே 4 அடிக்கு 4 அடி, வெளியே 4 அடிக்கு 10 அடி. குட்டை இனங்களுக்கு இதைவிடக் குறைவாக இருந்தாலும் போதும். கோழிகளுக்குள் யார் முதலில் தின்பது, யார் எங்கே அமர்வது என்ற வரிசை உண்டு; அந்த வரிசையில் கடைசியில் இருக்கும் கோழி, மற்றவற்றின் கண்ணில் படாமல் சற்று ஒதுங்கி நிற்க ஓர் இடம் வேண்டும். அது இல்லாத கூட்டில் இறகைப் பிடுங்கும் பழக்கம் தொடங்கும். தோலில் இரத்தம் தெரிந்துவிட்டால் மற்றக் கோழிகளும் அதே இடத்தில் கொத்தத் தொடங்கிவிடும். தோட்டத்தில் அவ்வளவு இடம் இல்லையென்றால் குறைக்க வேண்டியது கோழிகளின் எண்ணிக்கையை. ஆனால் ஒற்றைக் கோழியை மட்டும் வளர்க்க எண்ண வேண்டாம். அது கூட்டமாக வாழும் பறவை, துணையில்லாமல் வாடிவிடும்.

அடுத்த தவறு அன்பினால் நேர்வது: குளிரும் என்று அஞ்சிக் கூட்டை எல்லாப் பக்கமும் அடைத்துவிடுவது. கோழியின் உடல் வெப்பம் 41 முதல் 42 டிகிரி செல்சியஸ் வரை இருக்கும். அதன் மேல் இறகுப் போர்வையும் உண்டு. நலமாக உள்ள, முழுதாக இறகு முளைத்த கோழி உலர்ந்த குளிரை நன்றாகவே தாங்கும். அதனால் தாங்க முடியாதது ஈரம். இரவெல்லாம் அது விடும் மூச்சில் நீராவி வெளியேறுகிறது. அதன் எச்சத்திலும் பெரும்பகுதி நீர்தான். அந்த ஈரம் போக வழியில்லாதபோது எச்சத்திலிருந்து எழும் அம்மோனியா வாயுவும் உள்ளேயே தங்கி, கோழியின் கண்களையும், மூச்சுக்குழாயின் உட்புறத்தில் தூசியை வெளியே தள்ளும் நுண்ணிய மயிர்களையும் கெடுக்கிறது. பிறகு சளியும் இருமலும் எளிதில் தொற்றிக்கொள்கின்றன. காற்றில் பத்து லட்சத்தில் 25 பங்கு என்பதையே அம்மோனியாவின் மேல்வரம்பாகக் கொள்வது வழக்கம். கருவி எதுவும் இல்லாமலே இதை ஓரளவு சோதிக்கலாம். விடியற்காலையில் கூட்டைத் திறந்தவுடன், கோழிகள் இறங்குவதற்கு முன், அவை அமர்ந்திருக்கும் உயரத்துக்கு முகத்தைக் கொண்டுசென்று ஒருமுறை மூச்சை இழுத்துப் பாருங்கள். மூக்கில் காரம் ஏறினாலோ கண் கரித்தாலோ, கோழிகள் அந்தக் காற்றைப் பல மணி நேரமாகச் சுவாசித்துக்கொண்டிருந்தன என்று பொருள். கூரையின் அடிப்புறத்தை விரலால் தடவும்போது நீர்த்துளி ஒட்டினால் அதுவும் அதே குறைக்கு அடையாளம். கடும் குளிர் உள்ள இடங்களில் கொண்டை கருகிப்போவதற்கும் இந்த ஈரம் பெரிய காரணமாகிறது.

ஆகவே வாங்கும்போதே, கூரைக்குச் சற்றுக் கீழே, எதிரெதிர்ச் சுவர்களில், வலையிட்ட காற்றுத் திறப்புகள் உள்ளனவா என்று பார்க்க வேண்டும். அவை அமர்ந்திருக்கும் கோழியின் தலைக்கு மேலே இருக்க வேண்டும். தலை மட்டத்தில் இருந்தால் காற்று நேரே உடலில் அடித்து இறகைக் கலைக்கும். திறந்து மூடும் சன்னல் ஒன்று இருக்கிறதே என்று நிறைவடைய வேண்டாம். மழை வரும் என்று அதை மூடிவிடுவோம். அந்த இரவில்தான் காற்று மிகவும் தேவைப்படும். வெப்பமான இடமானால் ஒரு பக்கச் சுவர் முழுவதுமே கம்பி வலையாக இருப்பது நல்லது.

வெப்பத்தைப் பற்றிய கவனக்குறைவும் இதற்குச் சற்றும் குறைந்ததன்று. கோழிக்கு வியர்வைச் சுரப்பி கிடையாது. வாயைத் திறந்து இரைத்தும், இறக்கைகளை உடலிலிருந்து விலக்கியுமே அது தன் வெப்பத்தைத் தணித்துக்கொள்கிறது. மேல்கூரை வெறும் தகரமாக இருந்து, பிற்பகல் வெயில் அதன்மேல் நேராக விழுந்தால், பொழுது சாய்ந்த பிறகும் உட்புறம் வெந்துகொண்டிருக்கும். கூட்டை வாங்கிவிட்டு இடம் தேடுவதை விட, இடத்தை முடிவு செய்துவிட்டுக் கூட்டைத் தேடுவது நல்லது. மேற்கு வெயிலை மறைக்கும் மரமோ சுவரோ இருக்கும் பக்கமாக, மழைநீர் தேங்காத மேட்டில், கூரையிலிருந்து வழியும் நீர் வாசலில் விழாதபடி அமைய வேண்டும். அண்டை வீட்டின் படுக்கையறைச் சன்னலையொட்டி வைத்துவிட்டு, பிறகு மனக்கசப்புடன் இடம் மாற்றுவதும் தவிர்க்கக்கூடியதே. குடியிருப்புப் பகுதியில் கோழி வளர்ப்பதற்கும், வேலியிலிருந்து கூடு விலகியிருக்க வேண்டிய தூரத்துக்கும் உள்ளாட்சி விதி ஏதேனும் உண்டா என்பதை முதலிலேயே கேட்டுத் தெரிந்துகொள்வது நலம்.

இனி, உயிரையே பறித்துவிடும் தவறு. கோழி வலை என்ற பெயரில் விற்கப்படும் அறுகோணக் கண் கொண்ட மெல்லிய கம்பி வலை, கோழியை உள்ளே நிறுத்தி வைக்கப் போதுமானது. வெளியே இருப்பதைத் தடுக்கப் போதாது. நாயும் நரியும் அதைக் கடித்துக் கிழித்துவிடும். எலியும் பாம்பும் அதன் கண் வழியாகவே நுழைந்துவிடும். அந்த வலையைக் கையில் எடுத்து இரண்டு விரல்களை விட்டு அகட்டிப் பாருங்கள். இரண்டு கம்பிகள் முறுக்கிக்கொண்டிருக்கும் இடம் மெல்ல நெகிழ்ந்து கொடுப்பதை உணரலாம். வெல்டு மெஷ்ஷில் ஒவ்வொரு சந்திப்பும் பற்றவைக்கப்பட்டிருப்பதால் அது அப்படி நெகிழாது. அதிலும் கண் 12 மில்லிமீட்டர், அதாவது அரை அங்குலம் உள்ளதைத் தேர்ந்தெடுக்க வேண்டும். வலை நல்லதாக இருந்தும், அதைச் சட்டத்தில் வெறும் ஸ்டேப்பிள் ஊசிகளால் அடித்திருப்பார்கள். ஒரு நாய் சாய்ந்து தள்ளினாலே அவை ஒவ்வொன்றாகக் கழன்றுவிடும். வாஷர் போட்ட திருகாணிகளால் இறுக்குவதே பாதுகாப்பு. மண்ணைத் தோண்டி அடிவழியாக நுழையும் விலங்குகளைத் தடுக்க, அதே வலையை முற்றத்தைச் சுற்றி வெளிப்பக்கமாக 30 முதல் 45 சென்டிமீட்டர் அகலத்துக்குத் தரையில் படுக்க விரித்து மண்ணோ கல்லோ பாவிவிடலாம். விலங்கு வேலியின் அடியில்தான் தோண்டத் தொடங்கும். அங்கே கம்பி தட்டுப்பட்டால், பின்னுக்குச் சென்று தோண்ட அதற்குப் பெரும்பாலும் தோன்றுவதில்லை. கதவுக்குச் சாதாரணக் கொக்கியை நம்ப வேண்டாம். தூக்கினால் கழன்றுவிடும் கொக்கியை மூக்காலோ காலாலோ நெம்பித் திறக்கும் விலங்குகள் உண்டு. தாழ்ப்பாளுடன், அதன் துளையில் செருகும் ஒரு கொளுவியும் இருக்கட்டும். கூட்டின் தரை நிலத்திலிருந்து ஓர் அடியாவது உயர்ந்திருந்தால் அடியில் எலி குடியேறுவது குறையும், ஈரமும் ஏறாது.

உள்ளமைப்பில் அடிக்கடி தவறிப்போவது அமரும் கட்டையின் உயரம். கோழிகள் தூங்குவதற்கு, கிடைக்கும் இடங்களிலேயே உயர்ந்த இடத்தைத் தேடும். முட்டையிடும் பெட்டி கட்டையைவிட உயரமாக இருந்தால் அவை அந்தப் பெட்டியிலேயே படுத்து, இரவு முழுவதும் எச்சமிட்டு, காலையில் அதன்மேலேயே முட்டையும் இடும். கட்டை மேலே, பெட்டி கீழே என்பதுதான் சரி. ஒரு கோழிக்கு 20 முதல் 25 சென்டிமீட்டர் நீளமும், ஏறத்தாழ 5 சென்டிமீட்டர் அகலமும், மழுங்கிய விளிம்பும் உள்ள மரக்கட்டை போதும். வழுக்கும் பிளாஸ்டிக் குழாய் வேண்டாம். உடல் கனத்த இனங்களுக்குக் கட்டை தாழ்வாக இருக்க வேண்டும், ஏனெனில் உயரத்திலிருந்து நாள்தோறும் கடினமான தரையில் குதிக்கும்போது பாதத்தில் காயம் பட்டு, அது சீழ்க்கட்டியாக மாறக்கூடும். பெட்டியைப் பொறுத்தவரை, மூன்று நான்கு கோழிகளுக்கு ஒன்று, ஒவ்வொரு பக்கமும் 30 சென்டிமீட்டர், சற்று இருட்டான மூலை, அவ்வளவே.

துப்புரவு செய்ய முடியாத கூட்டை வாங்குவது, வாங்கும் நாளில் தவறாகவே தெரியாது. ஒரு கோழி நாளொன்றுக்கு ஏறத்தாழ 100 கிராமுக்கு மேல் எச்சமிடும். அதில் கணிசமான பங்கு இரவில் கட்டைக்கு அடியில் விழும். கட்டைக்குக் கீழே இழுத்து எடுக்கும் தட்டு ஒன்று இருந்தால் தினமும் சில நிமிடங்களில் வேலை முடியும். இல்லையென்றால், ஒரு கையை மட்டுமே விடக்கூடிய சிறு வாசல் வழியாகக் குனிந்து சுரண்ட வேண்டும். அந்த வேலை நாளடைவில் தள்ளிப்போகும், அதன் துன்பம் கோழிக்கு. எல்லா மூலைகளுக்கும் உங்கள் கை எட்டுகிறதா, கட்டையையும் பெட்டியையும் கழற்ற முடிகிறதா என்று வாங்கும் இடத்திலேயே செய்து பார்க்கக் கூச்சப்பட வேண்டாம். தரையில் பரப்ப உலர்ந்த மரச்சீவல் நல்லது. மிக நுண்ணிய மரத்தூள் மூச்சுக்குள் போகும்.

இந்தத் துப்புரவோடு சேர்ந்ததே செள்ளுப் பூச்சியின் தொல்லை. இரத்தம் குடித்துச் சிவக்கும் ஒரு வகைச் செள், பகலில் கோழியின் மேல் இருப்பதில்லை. மரப் பலகைகள் சேரும் இடுக்கிலும், கட்டையின் நுனி சுவரில் பொருந்தும் பள்ளத்திலும் ஒளிந்திருந்து, இரவில் வெளியே வந்து தூங்கும் கோழியைக் கடிக்கும். அதனால்தான் பகலில் கோழியை எவ்வளவு புரட்டிப் பார்த்தாலும் ஒன்றும் தென்படாமல், கொண்டை மட்டும் வெளிறிக்கொண்டே போகும். இருட்டிய பிறகு, கட்டையின் அடிப்பக்கத்தை வெள்ளைத் தாளால் அழுத்தித் துடைத்துப் பாருங்கள். தாளில் இரத்தக் கீற்றுகள் படிந்தால் ஐயமே வேண்டாம். வெப்பமான நாட்களில் ஏழு முதல் பத்து நாளுக்குள் ஒரு தலைமுறை வளர்ந்துவிடுவதால் ஒருமுறை மருந்தடித்து ஓய முடியாது. இடுக்குகள் குறைந்த, பகுதி பகுதியாகக் கழற்றக்கூடிய கூட்டைத் தேர்ந்தெடுப்பதே இதற்கு முதல் மருந்து. கூரைப் பலகையின் மேல் தார்த்தாள் ஒட்டிய கூடுகளில் அந்தத் தாளுக்கடியில் செள் குடியிருந்துவிடும்; அங்கே மருந்தும் எட்டாது. பயன்படுத்திய கூட்டை மலிவாக வாங்குபவர்கள், அது நெடுநாள் காலியாகக் கிடந்தது என்ற பேச்சை நம்பி நிம்மதியடையக் கூடாது. இந்தச் செள் இரை இல்லாமலே பல மாதங்கள் உயிரோடு இருக்கும்.

வெளிமுற்றத்தைத் திறந்தவெளியாகவே விட்டுவிடுவதும் தவறுதான். சில கோழிகள் சேர்ந்து கிளறினால் சிறிய இடத்துப் புல் சில வாரங்களில் மறைந்துவிடும். அதன்பின் மழை பெய்தால் சேறு. ஈரமும் வெப்பமும் உள்ள தரையில் இரத்தக் கழிச்சலை உண்டாக்கும் நுண்ணுயிரின் முட்டைகள் ஓரிரு நாளிலேயே தொற்றும் தன்மையை அடைந்துவிடும். முற்றத்தின் ஒரு பகுதிக்காவது கூரை இருந்தால், அங்கே தரை காய்ந்திருக்கும். கோழிகள் மண் குளியலுக்கும் அந்த உலர்ந்த மூலையையே பயன்படுத்திக்கொள்ளும். தீவனத்தையும் தண்ணீரையும் அந்தக் கூரைக்கடியிலேயே வைக்கலாம். கூட்டுக்குள் தண்ணீர் வைத்தால் கூளம் நனையும், இரவில் தீவனத்தை விட்டுவைத்தால் எலி வரும். தூங்கும் கோழிக்கு இரண்டுமே தேவையில்லை.

கடைசியாக ஒன்று. கூட்டுக்கான இடத்தைக் கணக்கிடும்போது, ஒரு கோழியைத் தனியே வைக்க வலையடைத்த சிறு தடுப்பு ஒன்றுக்கும் சேர்த்தே கணக்கிடுங்கள். நோயுற்ற கோழியைப் பிரிக்கவும், அடைக்கு அமர்ந்த கோழியை எழுப்பவும், புதிதாக வரும் கோழியை இரண்டு மூன்று வாரங்கள் தனியே வைத்துக் கவனிக்கவும் அது வேண்டியிருக்கும். புதுக்கோழியை முற்றிலும் எட்டத்தில் வைத்து, நோய் இல்லை என்று தெரிந்த பிறகு, மற்றவை வலை வழியாக அதைப் பார்க்கும்படி பக்கத்தில் கொண்டுவந்து சில நாட்கள் பழக்கிவிட்டுச் சேர்த்தால் சண்டை வெகுவாகக் குறையும். இந்தத் தடுப்பு கூட்டோடு ஒட்டியதாக இல்லாமல், இருவர் தூக்கி வேண்டிய இடத்தில் வைக்கக்கூடிய தனிப்பெட்டியாக இருப்பது கூடுதல் வசதி.