விடிந்த பிறகும் வேலை செய்யும் மருந்து: தூக்க மாத்திரையில் தவிர்க்க வேண்டிய தவறுகள்

வைத்தியர் எழுதிக்கொடுக்கும் தூக்க மாத்திரையை நம்மில் பலர் இரவுக்கு மட்டும் உரிய மருந்தாகவே எண்ணுகிறோம். படுக்கும்போது விழுங்கியது விடியும்போது தீர்ந்துவிடும் என்று நம்புகிறோம். அட்டனில் மருந்துக்கடை ஒன்றில் பல ஆண்டுகள் துண்டு பார்த்து மருந்து கொடுத்த எனக்கு, அங்கே கண்ட தவறுகளில் பெரும்பாலானவை இந்த நம்பிக்கையிலிருந்தே கிளைத்தவையாகத் தோன்றுகின்றன.

தூக்க மாத்திரைகள் எல்லாம் ஒரே வகையானவை அல்ல. சோல்பிடெம் விரைவாக வேலை செய்து விரைவாகக் கழியும். இரத்தத்தில் உள்ள அதன் அளவு பாதியாகக் குறைய ஏறத்தாழ இரண்டரை மணி நேரம் போதும். சோபிக்குளோனுக்கு ஐந்து மணி நேரம் வேண்டும். நைட்ரசிபாம் போன்றவற்றுக்கு ஒரு முழு நாளுக்கு மேலாகலாம். டயசிபாமோ உடலுக்குள் வேறொரு பொருளாக மாறி, அந்தப் பொருளும் தூக்கத்தை உண்டாக்குவதால், அது பாதியாகக் குறைவதற்கே பல நாட்கள் ஆகக்கூடும். ஆகவே மெதுவாகக் கழியும் இவற்றை இரவுதோறும் எடுப்பவரின் உடலில் நேற்றைய மிச்சத்தின் மேல் இன்றைய மாத்திரை சேர்கிறது. வயது முதிர்ந்தவர்களுக்கும் ஈரல் நோய் உள்ளவர்களுக்கும் கழிவது இன்னும் தாமதமாகும்.

இதை முதலில் உணர்த்துவது காலை நேரந்தான். வேலைக்கு ஆள் கணக்கெடுக்கும் பிரட்டுக்குப் போய், பனியில் நனைந்த சரிவில் கூடையோடு நிரை பிடித்துக் கொழுந்து பறிக்கும் பெண்ணுக்குக் கால் ஒரு முறை தடுமாறினாலே போதும். கவ்வாத்துக் கத்தி பிடிப்பவர், தொழிற்சாலையில் ரோலர் அருகே நிற்பவர், வளைவுகள் நிறைந்த வீதியில் முச்சக்கரவண்டி ஓட்டுபவர் ஆகியோருக்கும் இதே ஆபத்து உண்டு. இதில் ஏமாற்றும் விடயம் ஒன்றிருக்கிறது: மருந்தின் மிச்சம் உடலில் உள்ளவர் தாம் தெளிவாக இருப்பதாகவே உணரக்கூடும், குறைந்திருப்பது அவருடைய கையும் கண்ணும் ஒன்றுசேரும் வேகம். பெண்களின் உடலிலிருந்து சோல்பிடெம் மெதுவாகக் கழிவதைக் கண்ட அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டு நிறுவனம், 2013இல் அவர்களுக்கான தொடக்க அளவை 10 மில்லிகிராமிலிருந்து 5 மில்லிகிராமாகக் குறைக்கச் சொன்னது. கணவருக்கு எழுதிய மாத்திரையை மனைவி எடுத்துக்கொள்வது ஏன் கூடாது என்பதற்கு இந்த ஒன்றே போதுமான காரணம். மருந்து எழுதும் வைத்தியரிடம் தம் தொழில் என்ன, எத்தனை மணிக்கு எழும்ப வேண்டும் என்பதையும் சொல்லிவிட வேண்டும், பெரும்பாலோர் சொல்வதில்லை.

மாத்திரையை விழுங்கிவிட்டு அடுப்படி வேலையைத் தொடர்வதும், தூக்கம் வரவில்லையென்று பின்னிரவு இரண்டு மணிக்கு இன்னொன்றை எடுப்பதும் சாதாரணமாக நடக்கின்றன. படுக்கையில் சாயும் வேளையில்தான் எடுக்க வேண்டும். அதன் பின் ஏழு, எட்டு மணி நேரம் தூங்க வாய்ப்பிருக்க வேண்டும். நிறையச் சாப்பிட்டவுடன் எடுத்தால் சோல்பிடெம் வேலை செய்யத் தாமதமாகும். அந்தத் தாமதத்தைக் கண்டே பலர் இரண்டாவது மாத்திரைக்குக் கை நீட்டுகிறார்கள். நம் ஊருக்கே உரிய முரண் ஒன்றும் உண்டு. இரவு ஒன்பது மணிக்குக் கடுஞ்சாயத்தில் ஒரு பிளேன்டீ குடித்துவிட்டு, பத்து மணிக்குத் தூக்க மாத்திரை போடுகிறோம். தேயிலையில் உள்ள கஃபீனில் பாதி கழியவே ஏறத்தாழ ஐந்து மணி நேரம் எடுக்கும். அந்தத் தேத்தண்ணியை மாலையோடு நிறுத்திப் பார்த்த பிறகு மாத்திரை தேவைப்படாமலே போனவர்களும் உண்டு.

கழிப்பறை வெளியே இருக்கும் லயன்களில் வாழும் முதியவர்களைப் பற்றித் தனியே சொல்ல வேண்டும். இரவில் அரைத்தூக்கத்தில் எழுந்து, படி இறங்கி, கானைத் தாண்டிச் செல்லும்போது விழுந்து இடுப்பெலும்பு முறிவதென்பது அவர்களைப் பொறுத்தவரை உயிருக்கே உலை வைக்கும் நிகழ்வு. அறுபத்தைந்து வயதுக்கு மேற்பட்டவர்களுக்கு இவ்வகை மருந்துகளைக் கூடியவரை தவிர்க்குமாறு மருத்துவ வழிகாட்டல்கள் கூறுவதற்கு முதன்மைக் காரணங்களில் இதுவும் ஒன்று. எடுக்கத்தான் வேண்டுமென்றால், படுக்கைக்கு அருகே டோர்ச் வைப்பதும் துணைக்கு ஒருவரை எழுப்புவதும் வெட்கப்பட வேண்டியவை அல்ல. சோல்பிடெம் போன்ற சில மருந்துகளை எடுத்தவர்கள் தூக்கத்திலேயே நடந்து வெளியே போனதும், காலையில் அது நினைவில் இல்லாதிருந்ததும் பதிவாகியுள்ளன. அப்படி ஒரு முறை நடந்தாலும் அம்மருந்தை மீண்டும் எடுக்காமல் வைத்தியரிடம் தெரிவிக்க வேண்டும்.

மழைக்காலத்துக்கு உரிய தவறு வேறு. தேசிய கட்டட ஆராய்ச்சி நிறுவனம் மண்சரிவு எச்சரிக்கை விடுத்திருக்கும் இரவில், மாத்திரையைப் போட்டுக்கொண்டு அதே காம்பராவில் படுத்தால், அயலவர் போடும் கூச்சல் காதில் விழாமற் போகலாம். 2014ஆம் ஆண்டு மீரியபெத்தை மண்சரிவைக் கண்ட நமக்கு இதை விளக்கத் தேவையில்லை. முதலில் பாதுகாப்பான இடத்துக்குப் போய்ச் சேர வேண்டும். அங்கும், மாத்திரை எடுக்கப் போவதை உடனிருப்பவர்களுக்குத் தெரிவித்துவிட்டுத்தான் எடுக்க வேண்டும்.

சாராயமும் கசிப்பும் தூக்க மாத்திரையும் மூளையை அடக்கும் ஒரே வேலையைச் செய்பவை. இரண்டும் சேரும்போது மூச்சு மந்தமாகி நின்றுபோகலாம். மாலையில் குடித்ததற்கும் இரவில் எடுப்பதற்கும் இடைவெளி இருக்கிறதே என்ற கணக்கு இங்கே செல்லாது. டிரமடோல் போன்ற வலிநிவாரணிகளும் இதே வகையில் ஆபத்தானவை. குளிருக்குச் சளி பிடித்ததென்று தானாக வாங்கிப் போடும் குளோர்ஃபெனிரமின் மாத்திரையும் மயக்கத்தைக் கூட்டும். விறகடுப்புப் புகையில் பல ஆண்டுகள் நின்று நெஞ்சு நோய் கண்டவர்களும், உறங்கும்போது பலத்த குறட்டையோடு மூச்சுத் திணறுபவர்களும், கர்ப்பிணிகளும், பாலூட்டும் தாய்மாரும் அதைச் சொல்லாமல் இம்மருந்துகளை வாங்கக் கூடாது.

ஒரே மருந்தை இரண்டு பெயரில் எடுப்பதை நான் பல முறை கண்டிருக்கிறேன். அரசாங்க ஆஸ்பத்திரி கிளினிக்கில் மூலப்பெயரோடு ஒரு மாத மருந்து கிடைக்கும். இடையில் தனியார் வைத்தியரிடம் போனால் அதே மருந்து வேறொரு வணிகப் பெயரில் வரும். மருந்துகளை மூலப்பெயரால் வழங்க வேண்டுமென்று போராடிய பேராசிரியர் சேனக்க பிபிலே நம் பேராதனை மருத்துவ பீடத்தின் முதல் பீடாதிபதி என்பது இந்த இடத்தில் நினைவுக்கு வருகிறது. கிளினிக் கொப்பியை எங்கு போனாலும் கையோடு கொண்டுபோவதே இதற்கு எளிய வழி. ‘தேவைப்பட்டால் மட்டும்’ என்ற பொருளில் ஆங்கில எழுத்துச் சுருக்கமாகத் துண்டில் எழுதப்பட்டதைத் தினமும் எடுத்தவர்களும் இருக்கிறார்கள். விளங்காத மொழியில் உறையைத் தந்தால், தமிழில் எழுதித் தருமாறு கேட்பதில் தவறில்லை.

இவ்வகை மருந்துகள் பெரும்பாலும் இரண்டு முதல் நான்கு கிழமைகளுக்கே உரியவை. அதற்கு மேல் நாள்தோறும் எடுக்கும்போது உடல் பழகிவிடுகிறது. பழைய அளவு போதாமல் போகிறது. மருந்தில்லாத இரவு முன்பிருந்ததைவிட மோசமாகிறது. பழகிய பிறகு திடீரென நிறுத்துவதோ தொடர்வதைவிடப் பெரிய தவறாகலாம். நடுக்கம், வியர்வை, பதற்றம் தொடங்கி வலிப்பு வரையில் போகக்கூடும். சம்பளத்துக்கு இன்னும் நாளிருக்கிறது, பஸ் ஓடவில்லை என்று கிளினிக் நாளைத் தவறவிட்டு, மாத்திரை தீர்ந்த நிலையில் நான்கு நாட்கள் இருப்பவர்கள் தம்மை அறியாமலே இதைச் செய்கிறார்கள். ஒரு கிழமைக்கான மருந்து மீதமிருக்கும்போதே தோட்ட வைத்திய உதவியாளரிடமோ அருகிலுள்ள வைத்தியசாலையிலோ கொப்பியைக் காட்ட வேண்டும். விடுவதாயின் வைத்தியரின் மேற்பார்வையில், கிழமைக் கணக்கில் அல்லது மாதக் கணக்கில் சிறுகச் சிறுகக் குறைத்தே விட வேண்டும். மாத்திரையை உடைத்துக் குறைப்பதும் அவரைக் கேட்டே ஆக வேண்டும். மெதுவாகக் கரையும்படி செய்யப்பட்டவற்றை உடைத்தால் முழு மருந்தும் ஒரேயடியாக இறங்கிவிடும்.

மிச்சமானவற்றை ஒரு தகரப் பெட்டியில் பூட்டி வைப்பது நல்லது. ஒரே காம்பராவில் பிள்ளைகளும் முதியவர்களும் இருக்கும்போது இராக்கையில் வைப்பது போதாது. மனம் உடைந்த நிலையில் வீட்டில் எவரேனும் இருந்தால், மாத்திரைகளை வேறொருவர் பொறுப்பில் வைத்து நாளுக்கு ஒன்றாகக் கொடுக்கலாம். 1926 என்ற தேசிய மனநல உதவி இலக்கத்தை அழைத்தும் பேசலாம். அளவுக்கு மீறி விழுங்கியவரை, எழுப்ப முடிகிறதே என்று தூங்க விடக் கூடாது. வாந்தி எடுக்கவும் வைக்கக் கூடாது. 1990 அம்புலன்ஸ் சேவையை அழைத்துவிட்டு, மூச்சு இருந்தும் நினைவு தப்பியிருந்தால் ஒருக்களித்துப் படுக்க வைத்து, மூச்சைக் கவனித்தபடி இருக்க வேண்டும். வெறுமையான மாத்திரை அட்டையையும் கிளினிக் கொப்பியையும் அவருடன் அனுப்பினால், எதை எவ்வளவு விழுங்கினார் என்பதை வைத்தியர்கள் உடனே அறிந்துகொள்வார்கள்.