ஆசிரியராக விரும்பும் மட்டக்களப்பு, அம்பாறை மாணவர்களுக்கு: உதவிப்பணமும் சேவைக்குச் செல்லும் வழிகளும்

உயர்தரப் பெறுபேறு வந்ததும் ஆசிரியர்களைப் பயிற்றும் கல்வியியல் கல்லூரியா, பல்கலைக்கழகமா என்று யோசிக்கும்போது, நியமனம் கிடைக்கும்வரை உங்கள் செலவை யார் தாங்குவார் என்பதையும் வீட்டாரோடு சேர்ந்து பேசிக்கொள்ளுங்கள். தகப்பன் கூலிக்குப் போகும் வீட்டில் படிப்பையும் செலவையும் பிரித்துப் பார்க்க முடியாது.

பல்கலைக்கழக அனுமதி கிடைக்காதவர்களின் இடமென்றே கல்வியியல் கல்லூரியைப் பலர் நினைக்கிறார்கள்; அது தவறான எண்ணம். 1986ஆம் ஆண்டின் 30ஆம் இலக்கச் சட்டத்தின் கீழ் அமைந்த இக்கல்லூரிகள் நாடு முழுவதும் உள்ளன. அவற்றுள் மட்டக்களப்பும் அட்டாளைச்சேனையும் நம் மாவட்டங்களுக்கு உரியவை. மூன்று ஆண்டுப் பயிற்சியில் முதல் இரண்டு ஆண்டுகள் விடுதியில் தங்கிப் படிப்பதாகவும், மூன்றாம் ஆண்டு பாடசாலையில் உள்ளகப் பயிற்சியாகவும் அமைகின்றன. கற்கைக் கட்டணம் இல்லை, மாதாந்தக் கொடுப்பனவும் உண்டு. டிப்ளோமாவை முடித்தவர்கள் இலங்கை ஆசிரியர் சேவைக்கு உள்வாங்கப்படுகிறார்கள். வருமானம் குறைந்த குடும்பத்துப் பிள்ளைக்கு இதைவிட உறுதியான வழி இல்லை என்பதே என் கருத்து. பட்டத்தைச் சேவையில் இருந்துகொண்டே பெறலாம்.

கல்வியியல் கல்லூரிக்கான விண்ணப்பம் வர்த்தமானி அறிவித்தல் மூலமே கோரப்படுகிறது. வயது, சாதாரண தரச் சித்திகள், உயர்தரப் பாடங்கள் ஆகியவை கற்கைநெறிக்குக் கற்கைநெறி வேறுபடுவதால், அறிவித்தலின் அட்டவணையை வரிவரியாக வாசியுங்கள். பாட விருப்பத்தை வரிசைப்படுத்தும்போது தோழர்களைப் பின்பற்றாதீர்கள்: மட்டக்களப்பு மேற்குப் போன்ற, வாவிக்கு மேற்கேயுள்ள படுவான்கரைக் கல்வி வலயங்களில் கணிதம், விஞ்ஞானம், ஆங்கிலம் கற்பிப்போருக்கு நெடுங்காலமாகத் தட்டுப்பாடு நிலவுகிறது.

பல்கலைக்கழகம் கிடைத்தவர்கள், வந்தாறுமூலையிலுள்ள கிழக்குப் பல்கலைக்கழகத்துக்குச் சென்றாலும் ஒலுவிலிலுள்ள தென்கிழக்குப் பல்கலைக்கழகத்துக்குச் சென்றாலும், மஹாபொல அல்லது பேசரி (Bursary) உதவிப்பணத்துக்கு உரிய காலத்தில் விண்ணப்பிக்க வேண்டும். 1981இல் தொடங்கிய மஹாபொல, 2025ஆம் ஆண்டின் வரவுசெலவுத் திட்டத்தில் மாதம் 5,000 ரூபாவிலிருந்து 7,500 ரூபாவாக உயர்த்தப்பட்டது. குடும்ப வருமானமும் படிக்கும் சகோதரர்களின் எண்ணிக்கையும் தெரிவில் கணக்கெடுக்கப்படுகின்றன. வருமானச் சான்றிதழைக் கிராம உத்தியோகத்தரிடம் பெற்றுப் பிரதேச செயலாளரின் ஒப்பத்தையும் வாங்கி முன்கூட்டியே ஆயத்தமாக வைத்திருங்கள். தம்பி தங்கைகளின் பாடசாலைச் சான்றுகளை இணைக்க மறந்ததால் தகுதியிருந்தும் பின்தள்ளப்பட்ட பிள்ளைகளை அறிவேன்; அந்த இழப்பு மிகவும் வருத்தத்துக்குரியது.

பட்டம் பெற்றதாலேயே நியமனம் வந்துவிடாது. 2017இல் மட்டக்களப்பு காந்தி பூங்காவில் வேலையற்ற பட்டதாரிகள் மாதக்கணக்கில் அமர்ந்திருந்ததை நாம் கண்டோம். மாகாணப் பாடசாலைகளுக்கான பட்டதாரி ஆசிரியர்களைப் போட்டிப் பரீட்சையின் மூலம் கிழக்கு மாகாணப் பொதுச் சேவை ஆணைக்குழு தெரிவு செய்கிறது. அறிவித்தல் எப்போது வருமென்று சொல்ல முடியாததால், இறுதியாண்டிலேயே பொது அறிவுக்கும் நுண்ணறிவுக்கும் பழைய வினாத்தாள்களைச் செய்யத் தொடங்குங்கள். பட்டப்படிப்பின் பாடங்களைத் தெரிவு செய்யும்போதும், அவை பாடசாலையில் கற்பிக்கப்படும் பாடங்களா என்று பாருங்கள். கல்லடியிலுள்ள சுவாமி விபுலாநந்த அழகியற் கற்கைகள் நிறுவகத்தில் சங்கீதமோ நடனமோ பயில்வோருக்கு இந்தத் தொடர்பு இயல்பாகவே அமைந்துவிடுகிறது. தொண்டர் ஆசிரியராகப் போனால் அனுபவம் கிடைக்கும். ஆனால் அதை நிரந்தர நியமனத்துக்கான உரித்தாக எண்ணி வயதெல்லையைக் கடத்திவிடாதீர்கள்.

மட்டக்களப்பு ஆசிரியர் கலாசாலையைப் பற்றியும் பலர் விசாரிப்பதுண்டு. அது ஏற்கெனவே சேவையில் உள்ள, பயிற்சி பெறாத ஆசிரியர்களுக்குரியது.

சேவைக்குள் வந்த டிப்ளோமாதாரி, தேசிய கல்வி நிறுவகத்திலோ இலங்கைத் திறந்த பல்கலைக்கழகத்திலோ கல்விமாணிப் பட்டத்தைத் தொடரலாம். பட்டதாரிக்குப் பட்டப்பின் கல்வி டிப்ளோமா உண்டு. பிற்காலத்தில் போட்டிப் பரீட்சை மூலம் அதிபர் சேவைக்கும் கல்வி நிருவாக சேவைக்கும் செல்லலாம்; கல்வியியல் கல்லூரியில் விரிவுரையாற்ற விரும்புவோருக்கு ஆசிரியர் கல்வியியலாளர் சேவை இருக்கிறது. இவை எல்லாவற்றிலும் சேவைக்காலம் பார்க்கப்படுவதால், வினைத்திறமைகாண் தடைப் பரீட்சையை (சேவையில் உள்ளவர் சித்தியடைய வேண்டிய பரீட்சை) உரிய காலத்துக்குள் முடித்து, நியமனக் கடிதம், கடமையேற்ற கடிதம், சேவை உறுதிப்படுத்தல் கடிதம் ஆகியவற்றின் பிரதிகளை முதல் நாளிலிருந்தே ஒரே கோவையில் சேர்த்து வாருங்கள்.