குழந்தையின் கழுத்தில் தைமஸ்: அல்ட்ராசவுண்ட் ஸ்கேனில் அடையாளம் காண்பது எப்படி?

குழந்தையின் கழுத்தில் வலியில்லாத, மெத்தென்ற கட்டி என்றதும் நெறிக்கட்டி, நீர்க்கட்டி, புற்றுநோய் என்றே யோசனை ஓடும். தைமஸ் என்பது மார்பெலும்புக்குப் பின்னால் இருந்து நோய் எதிர்ப்பு அணுக்களை வளர்க்கும் சுரப்பி; அது இடம் தவறிக் கழுத்தில் இருக்கலாம் என்பது நினைவுக்கே வருவதில்லை. அதனால்தான் தேவையில்லாத அறுவை சிகிச்சை நடக்கிறது.

முதலில் கருவியல். கருவின் ஆறாவது வாரத்தில், தொண்டையின் இருபுறமும் வரிசையாக உள்ள சிறு பைகளில் மூன்றாவதிலிருந்து தைமஸ் முளைக்கிறது. இரத்தத்தின் கால்சியத்தைச் சீராக்கும் பாராதைராய்டு சுரப்பிகளில் கீழ் இணையும் அங்கிருந்துதான். இரண்டும் சேர்ந்தே கழுத்து வழியாக இறங்கும். தைமஸ் மார்பெலும்புக்குப் பின்னால் போய் நிற்கும். வழியில் ஒரு துண்டு தங்கிவிட்டால் அதுவே இடம் தவறிய தைமஸ். ஆகவே தாடைக் கோணத்திலிருந்து மார்பு வரை எங்கும் தேடுங்கள், தைராய்டுக்குள்ளும் புதைந்திருக்கலாம்.

1. தோளுக்கடியில் சிறு துணிச்சுருள் வைத்து, கழுத்தைச் சற்றே பின்னால் சாய்த்து வையுங்கள். 10 மெகாஹெர்ட்ஸுக்கு மேற்பட்ட லீனியர் புரோப் (தோலின் மேல் வைக்கும் நேர்முனை ஸ்கேன் கருவி) போதும், அழுத்த வேண்டாம்.

2. கட்டியின் உட்புறத்தைப் பாருங்கள். கருமையான பின்னணியில் வெண்புள்ளிகளும் மெல்லிய வெண்கோடுகளும் சிதறியிருக்கும். விண்மீன் வானம் என்பார்கள். தைராய்டுக்குள் இருக்கும்போது இதே புள்ளிகளைச் சுண்ணாம்புத் துகள்கள் என்று எண்ணி, தைராய்டு புற்றுநோய் என்று எழுதிவிடும் ஆபத்து உண்டு. மிகக் கவனம் தேவைப்படும் இடம் இதுதான்.

3. பக்கத்தில் இருப்பவற்றைப் பாருங்கள். தைமஸ் மிருதுவானது, இரத்தக் குழாயையும் மூச்சுக் குழாயையும் பொதுவாகத் தள்ளாது, இடைவெளிக்கேற்ப வளைந்து கிடக்கும்.

4. இதைத் தவறவிடவே கூடாது: புரோப்பை மார்பெலும்புக்கு மேலும் பக்கவாட்டிலும் வைத்து, அசல் தைமஸைப் பாருங்கள். இரண்டின் தோற்றமும் ஒன்றாக இருந்தால் விடை கிட்டத்தட்ட கையில். மார்பில் தைமஸே இல்லையென்றால் உடனே அறிக்கையில் எழுதுங்கள். கழுத்தில் இருப்பதுதான் குழந்தையின் ஒரே தைமஸாக இருக்கலாம், அதை எடுத்தால் நோய் எதிர்ப்புச் சக்தி பாதிக்கப்படும்.

குழந்தை அழும்போது மட்டும் கழுத்தில் புடைக்கிறதா? மார்புத் தைமஸே மேலெழும்பி வருகிறது என்று சந்தேகியுங்கள். அழும்போதே ஸ்கேன் செய்தால் தெரியும்.

சந்தேகம் தீராவிட்டால் எம்ஆர்ஐ. எல்லா வகைப் படங்களிலும் கட்டியின் சிக்னல் (படத்தில் தெரியும் வெளிர்-கருமை அளவு) மார்புத் தைமஸின் சிக்னலோடு ஒத்துப்போக வேண்டும். ஊசிப் பரிசோதனைக்கு அனுப்பினால், தைமஸாக இருக்கலாம் என்று கோரிக்கைத் தாளில் குறிப்பிடுங்கள். நிணநீர் அணுக்கள் நிறைந்திருப்பதால் லிம்போமா (நிணநீர்ப் புற்றுநோய்) என்று குழம்ப இடமுண்டு. மூச்சும் விழுங்குவதும் சீராக இருந்தால் அவ்வப்போது அல்ட்ராசவுண்ட் பார்த்தால் போதும். பருவ வயதுக்குப் பின் பெரும்பாலும் சுருங்கும்.