விமானம் நின்ற பிறகு செய்யப்படும் தவறுகள்

சக்கரம் நின்றுவிட்டால் ஆபத்தும் நின்றுவிட்டது என்று எண்ணுவதுதான் விமான நிறுத்துமிடத்தில் பணிபுரிவோர் செய்யும் முதல் தவறு. உடற்பகுதியின் மேலும் கீழும் விட்டுவிட்டு ஒளிரும் சிவப்பு பீக்கன் விளக்கு அணையும் வரை இன்ஜின் சுழல்கிறது என்றே கொள்ள வேண்டும். அதுவரை எவரும் அருகே செல்லக் கூடாது.

2022 டிசம்பர் 31 அன்று அமெரிக்காவின் அலபாமா மாநிலத்தில் உள்ள மான்ட்கோமரி விமான நிலையத்துக்கு எம்ப்ரேயர் 170 ரக விமானம் ஒன்று ஏ.பி.யூ. எனப்படும், முதன்மை இன்ஜின்கள் நின்றபின் விமானத்துக்கு மின்சாரம் தரும் சிறு துணை இன்ஜின் பழுதான நிலையில் வந்தது. அதனால் தரையிலிருந்து மின் இணைப்பு கொடுக்கும் வரை இரண்டு இன்ஜின்களும் ஓடிக்கொண்டிருக்கும் என்றும், பீக்கன் அணையாமல் நெருங்கக் கூடாது என்றும் விமானம் வருமுன்பே ஊழியர்களுக்கு இரண்டு முறை அறிவுறுத்தப்பட்டது. துணை விமானி ஜன்னலைத் திறந்து இன்ஜின் இன்னும் ஓடுகிறது என்று கீழே நின்றவரிடம் சொல்லவும் செய்தார். இத்தனைக்குப் பிறகும், பாதுகாப்புக் கூம்புடன் இடது இறக்கையின் முன்விளிம்பை ஒட்டி நடந்த ஊழியர் ஒருவர் இன்ஜினுக்குள் இழுக்கப்பட்டு உயிரிழந்தார். விமானம் வந்ததும் கூம்பு வைப்பது அன்றாட வேலை. அன்று மட்டும் அது அன்றாட வேலையாக இல்லை. "கவனமாக இருங்கள்" என்று பலமுறை சொல்வதைவிட, கூம்பு வைப்பவர் எந்த இடத்தில் நின்று காத்திருக்க வேண்டும் என்பதைத் தரையில் காட்டிவிடுவதே பயன் தரும் என்பது என் கருத்து.

ஒரு விமான நிலையத்தில் பழகிய முறையை இன்னொன்றுக்கு அப்படியே எடுத்துச் செல்வதும் இதே வகைத் தவறுதான். ஓரிடத்தில் விமானம் தன் இன்ஜின் விசையிலேயே திரும்பி வெளியேறலாம். வேறிடத்தில் டிராக்டர் பின்னுக்குத் தள்ளினால்தான் நகர முடியும். சூரிக் போன்ற நிலையங்களில் ஏ.பி.யூ. இயக்குவதற்கே கட்டுப்பாடு உண்டு. இத்தகைய உள்ளூர் விதிகள், ஒவ்வொரு நாடும் வெளியிடும் ஏ.ஐ.பி. எனப்படும் வான்பயணத் தகவல் தொகுப்பில் அந்தந்த நிலையத்துக்குரிய ஏ.டி. 2.20 பகுதியில் இருக்கும். தற்காலிக மாற்றங்கள் நோட்டாம் எனப்படும் விமானிகளுக்கான அறிவிப்பில் வரும். நிறுத்துமிடத்துக்குள் வழிகாட்டும் மின்பலகையில் தவறான விமான ரகம் தெரிந்தாலோ, பலகை அணைந்திருந்தாலோ, "எப்போதும் வரும் பே (நிறுத்துமிடம்) தானே" என்று உள்ளே நுழையாமல் விமானி நின்றுவிட வேண்டும்.

சக்கரம் உருளாமல் தடுக்கும் சாக் கட்டை வைக்கப்பட்டதை உறுதி செய்யாமல் பார்க்கிங் பிரேக்கை விடுவிப்பது மற்றொரு தவறு. தரையில் நின்று சைகை காட்டும் ஊழியர் கைகள் இரண்டையும் தலைக்கு மேல் உயர்த்தி, கையிலுள்ள சைகைக் கோல்களின் முனைகளை உள்நோக்கிக் குத்துவதுபோல் காட்டினால் கட்டை வைத்தாயிற்று, வெளிநோக்கிக் காட்டினால் எடுத்தாயிற்று என்று பொருள். அரைகுறையாகக் காட்டும் சைகை எதிர்ப்பொருள் தந்துவிடும்.

வாகன ஓட்டிகளும் விதிவிலக்கல்லர். 2015 டிசம்பரில் கொல்கத்தா விமான நிலையத்தில் பயணியர் பேருந்து ஒன்று, நின்றுகொண்டிருந்த ஏ.டி.ஆர். விமானத்தின் மீது மோதியது. ஏ320 அளவுள்ள விமானத்தை நிறுத்தும்போது அதற்கும் அருகிலுள்ள விமானத்துக்கோ கட்டடத்துக்கோ இடையே பன்னாட்டு விதிப்படி 4.5 மீட்டர் இடைவெளி இருந்தால் போதும். ஓட்டிகள் குறுக்குவழி தேடுவதற்காக விடப்பட்ட இடம் அல்ல அது.

செஸ்னா 172 போன்ற சிறு விமானங்களுக்குக் காற்றே பகை. இறக்கைகளின் கீழ் இரண்டும் வாலில் ஒன்றுமாக உள்ள வளையங்களில்தான் கயிறு கட்ட வேண்டும். இறக்கையைத் தாங்கும் கம்பத்தில் கட்டினால் அது வளைந்துவிடலாம். மணிலா கயிறு மழையில் நனைந்தால் சுருங்கும் என்பதால் அதை விறைப்பாகக் கட்டினால் இறக்கை கீழ்நோக்கி இழுபடும். மிகத் தளர்த்திவிட்டாலோ ஒவ்வொரு காற்றுக்கும் விமானம் வெட்டி வெட்டி இழுத்துக் கயிற்றை அறுக்கப் பார்க்கும். ஓர் அங்குல அளவு தளர்வு விட்டு, முகப்பைக் காற்று வரும் திசைக்குத் திருப்பி, காற்றில் சுக்கான் முதலியவை அசையாமல் பூட்டும் கன்ட்ரோல் லாக் போட்ட பிறகே விமானத்தை விட்டு நகர வேண்டும்.